கடைசிப் பல்லின் உள்பக்கம்

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். மிகைப்படுத்தவில்லை. பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கன்னத்தோரம் எச்சில் உறிஞ்சும் குழாய் கொக்கிபோல் தொங்கியது. விளக்கு கண்ணுக்கு நேராக இருந்தது. என் ஈறுகள் இருந்த லட்சணத்துக்கு ஒரே நாளில் சுத்தம் செய்ய முடியாது, வாயைப் பங்கு பிரித்து வாரத்துக்கு ஒரு பக்கமாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கதையும் அப்படியே வந்தது: மேல்வரிசை வலது பக்கம் ஒரு வாரம், கீழ்வரிசை இடது பக்கம் ஒரு வாரம்.

சொன்னவர் என் பற்களைச் சுத்தம் செய்த பெண். அவர் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பல்லில் கல்லாக இறுகிப்போன காறையைச் சுரண்டி எடுப்பது, ஈறுகளைக் கவனிப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பிள்ளைகள் அவரைப் 'பல்லக்கா' என்று கூப்பிடுகிறார்கள். பல் அக்கா என்பதை ஏதோ ஒரு வாண்டு அவசரத்தில் ஒட்டிச் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. "பல்லக்குல ஏறத்தான் கொடுத்து வைக்கல, பேராவது இருக்கட்டுமே" என்று அவரே சிரிப்பார்.

குறுக்கே பேச முடியாத ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் மனசைத் திறக்கத் தோன்றாது?

"நீங்க கதை எழுதுறவங்களாமே?" என்றார் ஒரு வாரம். நான் "ஆ" என்றேன். "இதையும் எழுதிக்கோங்க. ஆனா படிக்கிறவங்க என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுற மாதிரி எழுதிடாதீங்க. நான் ஒண்ணும் உட்கார்ந்து அழுதுட்டு இருக்கல." கருவி கொஞ்ச நேரம் கிறீச்சிட்டது. "ரொம்ப அழல" என்றார் பிறகு.

கேள்வி கேட்க முடியாமல் கேட்ட கதை என்பதால் இதில் ஓட்டைகள் உண்டு. சிலவற்றை நானே அடைத்திருக்கிறேன். அடைத்த இடங்களை மறைக்கப் போவதில்லை.*

* இன்னொன்று. நாற்காலியில் கிடந்தபோது 'அவர்' என்றுதான் நினைத்தேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். மரியாதைக் குறைவு இல்லை. கிட்டே போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து வாஷ்பேசின் மேல் விழுந்தபோது அவள்—'

அடித்துவிட்டேன். அவள் குளியலறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு தாயின் ஏக்கத்துக்கு—'

இதையும் அடித்தேன். ஏக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஏக்கத்தை எழுத முடியாது. (இரண்டு மூன்று முறை எழுதியாயிற்று. இதோடு சரி.)

மூன்றாவதை உங்கள் முன்னாலேயே எழுதிப் பார்க்கிறேன்.

முதல் வகுப்பு. பல்லக்கா மேசைமேல் ஒரு பெரிய பல்செட்டை வைத்தாள். ஒரு பூசணிக்காயை உள்ளே வைத்து மூடிவிடலாம், அவ்வளவு பெரியது. பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு பிரஷ்.

"இது யாரோட பல்லு?"

"டைனோசரோடது!" என்று வகுப்பே கத்தியது.

"கரெக்ட். டைனோசர் எங்க இப்போ?"

"செத்துப் போச்சு!"

"ஏன் தெரியுமா? பல்லே தேய்க்கல."

வகுப்பாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். அறிவியல் பாடம் கெட்டுப்போனது பற்றிப் பல்லக்காவுக்குக் கவலை இல்லை. பிரஷைச் சாய்த்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் வைத்தாள். "இங்கதான் அழுக்கு ஒளிஞ்சிருக்கும். நேரா இழுத்தா சிக்காது. இப்படிச் சாய்ச்சு வச்சு, குட்டிக் குட்டி வட்டம். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லுற பக்கம், கடைசியா நாக்கு. அழுத்தக் கூடாது. நாம பல்லு தேய்க்கிறோம், அடிபிடிச்ச பாத்திரம் தேய்க்கல."

"எங்கப்பா பாத்திரம் மாதிரிதான் தேய்ப்பாரு" என்றான் ஒருவன்.

"எங்கப்பா தேய்க்கவே மாட்டாரு" என்று இன்னொருத்தி அவனை ஜெயித்தாள்.

அடுத்தது பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல். பல்லக்கா ஒவ்வொருவரின் விரல் இடுக்கிலும் கொஞ்சம் விளையாட்டுக் களிமண்ணை அப்பினாள். விரல்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். "விரல்தான் பல்லு. இப்ப பிரஷ் போடு, பார்க்கலாம்." பிள்ளைகள் போட்டார்கள். விரலின் மேல்புறம் பளபளத்தது, இடுக்கில் களிமண் அப்படியே இருந்தது. பிறகு ஆளுக்கொரு கம்பளி நூல் கொடுத்தாள். "வெடுக்குனு இறக்கக் கூடாது, ஈறு அழும். மெதுவா அசைச்சு அசைச்சு இறக்கு. இறங்கினதும் நூலை வளைச்சு அந்தப் பல்லைக் கட்டிப்பிடி. கட்டிப்பிடிச்சுக்கிட்டே மேல வா. அப்புறம் அடுத்த பல்லு. அதையும் கட்டிப்பிடி. இல்லன்னா அது கோவிச்சுக்கும்."

கடைசி வரிசையில் முன்பற்கள் விழுந்த ஒரு சிறுமி இருந்தாள். அவள் விரலிடுக்கில் நூலை ஓட்டிக்காட்டிய பல்லக்கா, வேலை முடிந்த பிறகும் அந்தச் சின்னக் கையை விடாமல் கொஞ்ச நேரம்—

(இந்தச் சிறுமியை நான்தான் உட்காரவைத்தேன். பல்லக்கா சொன்னதில் அவள் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பல்லக்காவை அறிந்தவரையில், கையை விட்டிருப்பாள். வரிசையில் அத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்களே.)

3

பல்லக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. அவளுக்கும் முன்பற்கள் விழுந்துவிட்டதால் வீட்டில் பெயர் பொக்கை. அவள் அப்பாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். பேருந்தில் போனால் அரை நாள்.

ஏன் பிரிந்தார்கள் என்று கேட்க என் வாய் காலியாக இல்லை. அவளாகச் சொன்னது இவ்வளவுதான்: "அவருக்கும் எனக்கும் ஒத்து வரல. அவர் கெட்டவர் இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் மூச்சு விட முடியல, அவ்வளவுதான்." மகளுக்குப் பள்ளிக்கூடம், தோழிகள், அவள் பிறந்ததிலிருந்து தூங்கிய அறை எல்லாம் அங்கே. வேலை இங்கே. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்தபோது பொக்கை அங்கே இருந்தாள், பல்லக்கா இங்கே இருந்தாள். விடுமுறை வந்தால் மகள் வருவாள். மற்ற நாளெல்லாம் ஃபோன்.

ஃபோனில் சின்னப் பிள்ளையோடு என்ன பேச முடியும்? முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"சாப்பிட்டியா செல்லம்?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணுமேவா?"

"அம்மா, நான் விளையாடப் போகட்டா?"

இப்படியே ஒரு மாதம் ஓடியது. அதன் பிறகுதான் பல்லக்காவுக்கு அந்த யோசனை வந்தது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை மகளோடு சேர்ந்து செய்தால் என்ன? இரவுச் சாப்பாடு முடிந்ததும் அங்கே மகள் முக்காலியில் ஏறிக் கண்ணாடி முன் நிற்பாள். இங்கே பல்லக்கா ஜன்னல் இல்லாத குளியலறையில் ஃபோனைச் சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பாள். இருவரும் வீடியோ காலில் சேர்ந்து பல் தேய்ப்பார்கள்.

வாய் நிறைய நுரை. பேச முடியாது. அதனால் பேச்சு பெருகியது. நம் மொழியில் உதட்டைத் திறக்காமலே ஒரு குடும்பம் நடத்தலாம். 'ம்?' என்றால் உள்பக்கம் தேய்த்தாயா. 'ம்' என்றால் தேய்த்தேன். 'ம்ஹும்' என்றால் பொய் சொல்லாதே. 'ம்ம்ம்' என்று இழுத்தால், சரி, இதோ தேய்க்கிறேன், சும்மா நச்சரிக்காதே. 'ம்' என்று கண்ணை உருட்டினால், அப்பா பின்னால் நின்று ஆடிக் காட்டுகிறார், சிரிப்பு வருகிறது, துப்பிவிடப் போகிறேன்.

துப்பிய பிறகு நூல். பொக்கை இரண்டு விரல்களிலும் நூலைச் சுற்றிக்கொண்டு, நாக்கை மடித்து, கண்ணாடியை முறைத்துக்கொண்டு இறக்குவாள்.

"இறங்கிடுச்சும்மா."

"கட்டிப்பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

"விட்டுடாத. கட்டிப்பிடிச்சுக்கிட்டே மேல வா."

பல்லக்காவின் நிபந்தனை நினைவுக்கு வந்து, அடுத்து எழுதியிருந்த மூன்று வரிகளை எடுத்துவிட்டேன்.

4

அப்பாவைப் பற்றி.

முதல் பிரதியில் அவரை ஒரு மாதிரியாக எழுதியிருந்தேன். ஃபோனைப் பிடுங்குகிற ஆள், கதவைச் சாத்துகிற ஆள். கதைக்கு வசதியாக இருந்தது. அப்படி ஒரு ஆள் இருந்தால் வாசகர் யார் பக்கம் சாய வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அவர் அப்படி இல்லை. எலக்ட்ரீஷியன். பாடிக்கொண்டே வயர் இழுப்பவர். மகள் ஒரு கையில் ஃபோனும் மறு கையில் பிரஷுமாகத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே கண்ணாடிக்குப் பக்கத்தில், அவள் முக உயரத்துக்கு ஒரு சின்னப் பலகையை அடித்துக் கொடுத்தார். அதன் மேல் ஒரு குட்டி விளக்கும் போட்டார், 'உங்கம்மாவுக்கு உன் பல்லு தெரியணுமே' என்று. பல்லக்கா சொன்ன மென்மையான பிரஷைத் தேடி வாங்கினார். பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்க விடவில்லை.

"அவரைத் திட்டணும்னு சில நாள் தோணும். திட்ட ஒண்ணும் கிடைக்காது. அதுவே பெரிய எரிச்சல்" என்றார் பல்லக்கா, என் கீழ்வரிசையைச் சுரண்டிக்கொண்டே.

ஆக, இந்தக் கதையில் வில்லன் கிடையாது. மன்னிக்க வேண்டும்.

5

பல் சரியாகத் தேய்த்தோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிவப்பு நிற மாத்திரை. மென்று, நாக்கால் எல்லாப் பக்கமும் தடவி, துப்ப வேண்டும். அழுக்கு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே சிவப்பு ஒட்டிக்கொள்ளும். சுத்தமான இடத்தில் ஒட்டாது. பல்லக்கா அதை ஒரு பொட்டலம் கட்டி மகளுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பரீட்சை.

முதல் ஞாயிறு பொக்கையின் வாய் ரத்தக் காட்டேரியின் வாய்போல் இருந்தது. அவளுக்கு ஒரே குஷி. அந்த வாயோடு தெருவில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாள். அடுத்தடுத்த வாரங்களில் சிவப்பு குறைந்தது. முன்பக்கம் முதலில் வெளுத்தது. பிறகு பக்கவாட்டு. கீழ்வரிசையின் உள்பக்கம் மட்டும் நெடுநாள் அடம் பிடித்தது.

ஒரு ஞாயிறு. பொக்கை மென்றாள், துப்பினாள், வாயைப் பிளந்து ஃபோனுக்குள் நுழைந்துவிடுவதுபோல் வந்தாள்.

"அம்மா, பாரு! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்! எங்கயுமே இல்ல! நான் பாஸா?"

பல்லக்கா பார்த்தாள். எங்கேயும் இல்லை. அவள் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் இந்த வயதுப் பிள்ளையின் வாய் இவ்வளவு சுத்தமாக இருந்து பார்த்ததில்லை.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "நீச்சல் கிளாஸை சாயங்காலத்துக்கு மாத்திட்டாங்க. வந்து சாப்பிட்ட உடனே இவளுக்குக் கண்ணு சொக்கிடும். இனிமே நானே கூட நின்னு பார்த்துக்கறேன். தினம் நீ வேலை விட்டு அடிச்சுப் பிடிச்சு ஓடி வர வேண்டாம், பாவம். அதான் இவ நல்லா கத்துக்கிட்டாளே."

அதில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளைகள் பல் தேய்க்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது பல்லக்காதான். கூட நிற்க அங்கே ஒருவர் இருக்கிறார்.

"நான் பாஸாம்மா?"

"இரு. விளக்கைக் கொஞ்சம் திருப்பு" என்றாள் பல்லக்கா. "கீழ, கடைசிப் பல்லு. உள்பக்கம். லேசா சிவப்பு இருக்கு செல்லம்."

"எங்க? எனக்குத் தெரியலையே?"

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது."

பொக்கை கண்ணாடியில் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் பல்லின் உள்பக்கத்தை யாராலும் தானாகப் பார்த்துக்கொள்ள முடியாது.

"சரிம்மா" என்றாள். "நாளைக்கு வரேன்."

6

இந்த இடத்தில்தான் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவள், சரியாகச் செய்த பிள்ளையிடம் தப்பு என்று சொல்வாளா? நம்புவார்களா? ஒரு பிரதியில், நிஜமாகவே கொஞ்சம் சிவப்பு இருந்தது என்று மாற்றி எழுதினேன். இன்னொன்றில் ஃபோன் மங்கலாகத் தெரிந்தது, அவள் ஏமாந்தாள் என்று எழுதினேன். இரண்டிலும் பல்லக்கா நல்லவளாக இருந்தாள், கதை செத்துக் கிடந்தது.

அதனால் அவர் சொன்னதுபோலவே எழுதினேன். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கருவியை அணைத்தார். என் வாயிலிருந்து கையை எடுத்து, உறையைக் கழற்றி, புதிய உறை மாட்டிக்கொண்டார். அவசியமே இல்லை.

"ஒரு தடவைன்னா வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லலாம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் சொன்னேன். அதுக்கு அடுத்ததும். 'இன்னும் லேசா இருக்கு.' அவ ஒவ்வொரு தடவையும் சரிம்மா, சரிம்மான்னா. நீச்சல் முடிஞ்சு தலை ஈரத்தோட வந்து நிப்பா, தூங்கி விழுந்துக்கிட்டே. நான் பார்த்துட்டே இருப்பேன்."

பிறகு, "வாயைத் திறங்க. இன்னும் பெருசா" என்றார்.

7

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையில் யாரோ ஒருவரின் ஈறை அளந்துகொண்டிருந்தபோது பொக்கையின் அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை.

"பாப்பாவுக்கு வாய்ல ரத்தம் வருது. மெல்ல முடியல. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல, நான் சளின்னு நினைச்சேன். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. காலைல பார்த்தா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னு அழுத்தி அழுத்தித் தேய்க்கிறா. பிரஷே வளைஞ்சு போச்சு. கேட்டா, 'அந்தக் கடைசிப் பல்லு போகவே மாட்டேங்குதுப்பா'ன்னு அழறா. நீ வந்து பாரேன்."

பல்லக்கா கருவிகளைக் கழுவக் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் சொல்லிக்கொண்டு, கிடைத்த பேருந்தில் ஏறினாள்.

(பேருந்துப் பயணத்தை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஜன்னல், மரங்கள், ஓடும் கம்பங்கள். எல்லாக் கதையிலும் ஓடுகிற அதே கம்பங்கள். அவர் சொன்னது ஒரே வரி: "வழியில என்ன இருந்துச்சுன்னே தெரியல.")

மாலையில் போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்து நாளாகிவிட்டது. செருப்பை எங்கே விடுவதென்று ஒரு கணம் தெரியவில்லை. பொக்கை நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"நான் தினமும் தேய்ச்சேம்மா. நிஜமா."

"தெரியும் செல்லம். ஆ காட்டு."

கையைக் கழுவிக்கொண்டு, சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தாள். எத்தனையோ மாதம் விளக்கு வெளிச்சத்தில் ஃபோன் வழியாகப் பார்த்த வாய். பக்கத்தில் பார்க்கும்போது அதற்கு வாசனை இருந்தது, சூடு இருந்தது. கீழ்வரிசையின் உள்பக்கம் ஈறு உரிந்து, வெந்ததுபோல் சிவந்து கிடந்தது. அதற்கும் பின்னால், அவள் கடைசிப் பல் என்று நினைத்துக்கொண்டிருந்த பால்பல்லுக்கு அப்பால், ஈறைக் கீறிக்கொண்டு வெள்ளையாக என்னவோ எட்டிப் பார்த்தது.

புதுக் கடைவாய்ப்பல். விழுந்து முளைக்கிற பல் இல்லை. வந்தால் ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பாதி மேலே வந்துவிட்டிருந்தது. அந்தக் கோணம் ஃபோனில் ஒருநாளும் தெரிந்ததில்லை. இருக்கிற பல்லில் இல்லாத அழுக்கைப் பார்த்தவள், நிஜமாகவே முளைத்த பல்லைப் பார்க்கவில்லை.

டார்ச்சை அணைத்தாள்.

"அங்க அழுக்கே இல்ல" என்றாள். "என்னைக்குமே இல்ல. நீ அன்னைக்கே பாஸ். அம்மா பொய் சொன்னேன்."

பொக்கைக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசற்படியில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றார்.

"ஏன்?"

"நீ பாஸாயிட்டா ஃபோன் பண்ண மாட்டியேன்னு."

குழந்தை இதை யோசித்தது. யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கண் நிறைந்தது, குரல் உயர்ந்தது.

"எனக்கு எவ்ளோ வலிச்சுது தெரியுமா? நான் ஸ்கூல்ல தண்ணி குடிச்சாக்கூட எரிஞ்சுது. நீ சும்மா சொன்னியா?"

"ஆமா."

"நீ சும்மா சொன்னியா!"

அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் பல்லக்கா.

8

சாப்பாட்டுக்குப் பிறகு, பொக்கை பிரஷை எடுக்கும் நேரத்தில், பல்லக்கா கேட்டாள்:

"இன்னைக்கு ஒரு நாள் அம்மா தேய்ச்சு விடட்டுமா? வலிக்காம."

இதற்குச் சில முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், பொக்கை மெல்ல நகர்ந்து வந்து, அம்மாவின் வயிற்றில் பின்தலையைச் சாய்த்து, வாயைத் திறக்கிறாள். சின்னப் பிள்ளைக்குப் பெரியவர் பல் தேய்த்துவிடும் முறை அதுதான். பின்னால் நின்று, தலையைத் தன்மேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு வரும் அம்மாக்களுக்கெல்லாம் பல்லக்கா பொம்மையை வைத்துக் காட்டுவாள். இந்த முடிவு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

இன்னொன்றில், பல்லக்கா அந்த ஊருக்கே வேலை மாற்றிக்கொண்டு— வேண்டாம். அது அவர்கள் ஆசைப்பட்டதல்ல, நான் ஆசைப்பட்டது.

நடந்தது இது. பொக்கை, "வேணாம், எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பல்லக்காவும் அப்பாவும் வெளியே நின்றார்கள். உள்ளே பிரஷ் ஓடும் சத்தம் கேட்டது. காதாலேயே அது எந்தப் பல்லில் ஓடுகிறதென்று பல்லக்காவால் சொல்ல முடியும். கடைசிப் பல்லுக்கு வந்தபோது 'மெதுவா' என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சத்தம் தானாகவே மெதுவானது. குட்டிக் குட்டி வட்டம்.

"டீ போடட்டுமா?" என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

அவள் தலையசைத்தாள்.

கதவு திறந்தது. பொக்கை வந்தாள். இரண்டு பேரும் அங்கே நிற்பதைப் பார்த்தாள். அப்பாவுக்கு எதிரே போய் நின்று, அவரிடம் வாயைத் திறந்து காட்டினாள்.

"சரியா இருக்காப்பா?"

அவர் ஒரு வினாடி பல்லக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து, உள்ளே பார்த்து, "சூப்பரா இருக்கு" என்றார்.

அன்று பல்லக்கா அங்கேயே கூடத்தில் படுத்தாள். மறுநாள் காலை கிளம்பும்போது பொக்கை கன்னத்தைக் காட்டினாள். முத்தம் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

9

இத்தோடு முடித்திருக்கலாம். கறாரான முடிவு. கதை எழுதுகிற என் நண்பர்கள் மெச்சுவார்கள். ஆனால் கடைசி வாரம், என் மேல்வரிசை இடது பக்கத்தைச் செய்துகொண்டிருந்தபோது அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு நான் என்ன செய்வதென்று இன்னமும் தெரியவில்லை.

அதன் பிறகு இரவு அழைப்பு நின்றுவிட்டது. ஈறு ஆறிவிட்டது என்று அப்பா செய்தி அனுப்பினார். பல்லக்கா தனியாகப் பல் தேய்த்தாள். ஊருக்கெல்லாம் நிதானமாகத் தேய் என்று சொல்பவள், நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்பினாள். சில நாள் ஃபோனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். கூப்பிட்டுவிடலாம். கூப்பிட்டு என்ன கேட்பது? பல் தேய்ச்சியா என்று இனி எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு மத்தியானம் அவள் ஏதோ ஒரு பள்ளியில் வகுப்பை முடித்துவிட்டு, தாழ்வாரத்துக் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தாள். நகத்திலெல்லாம் களிமண். ஃபோன் அடித்தது. அப்பாவின் எண். அவர் இந்த நேரத்தில் கூப்பிட்டால் நல்ல சேதியாக இருக்காது என்று ஈரக் கையோடு எடுத்தாள்.

"அம்மா."

"என்ன செல்லம்? என்ன ஆச்சு? வலிக்குதா?"

"வலிக்கல."

"ரத்தம் வருதா?"

"ம்ஹும்."

"அப்பா எங்க?"

"மாடில வயர் இழுக்கறாரு. இன்னைக்கு எங்க ஸ்கூலுக்கு மட்டும் லீவு."

"சரி... என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மாதான் கூப்பிட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பல்லக்கா அதை மூடினாள். வகுப்பறைக்குள் பிள்ளைகளின் இரைச்சல். அந்தப் பக்கம் மகளின் மூச்சு கேட்டது. கையில் பிரஷ் இல்லை, நுரை இல்லை, நூல் இல்லை, பாஸா ஃபெயிலா என்று பார்க்க ஒன்றுமே இல்லை. இருவரும் இதற்கு முன் இப்படி நின்றதில்லை.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"எதாவது பேசு."

இங்கே என் பல் சுத்தமாகிவிட்டது. 'அவ்வளவுதான், ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று விளக்கைத் தள்ளிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து பல்லக்கா பேசியதை எழுத உட்கார்ந்தேன். எழுதிய ஒவ்வொரு வரியும் புத்திசாலித்தனமாக இருந்தது. ஒன்றுகூட ஒரு அம்மா தாழ்வாரத்தில் நின்று பேசுவதுபோல் இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

இதற்கு அடுத்த வரி உங்களுடையது. என்ன வேண்டுமானாலும் பேசட்டும். மழை, பூனை, பக்கத்து வீட்டுச் சண்டை, நேற்று கண்ட கனவு. பல்லைப் பற்றி மட்டும் வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம். அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.